இயற்கை எரிவாயுவ சின்கேஸா மாத்துற நிக்கல் கேட்டலிஸ்ட்: அடிக்கடி கேக்குற கேள்விங்க

கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற பசங்க, புதுசா அமோனியா பிளாண்ட்லயோ ரிஃபைனரி ஹைட்ரஜன் யூனிட்லயோ வேலைக்கு சேந்தவங்க திரும்ப திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம். கேட்டலிஸ்ட்னா தான் செலவாகாம ரியாக்ஷன வேகப்படுத்துற பொருள். ரிஃபார்மர் (கேஸையும் நீராவியையும் கேட்டலிஸ்ட் நெரப்பின சூடான ட்யூப் வழியா விட்டு சின்கேஸாக்கற உலை) பக்கமே வேலை பாத்தவன்ங்கறதால எனக்குனு சில அழுத்தமான கருத்தும் இருக்கு, அதையும் அங்கங்க சொல்லிருக்கேன்.

சின்கேஸ்னா என்ன, அது எதுக்கு?

கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு, அவ்வளவுதான். ஆனா யூரியா மூட்டைல இருக்கற நைட்ரஜன் அமோனியால இருந்து வருது, அந்த அமோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் இந்த வழியாத்தான் வருது. மெத்தனாலுக்கும் இதுதான் மூலம், ரிஃபைனரில டீசல்ல இருக்கற சல்ஃபர எடுக்கறதுக்கும் ஹைட்ரஜன் வேணும். கத்தார்ல ராஸ் லஃபான்ல இருக்கற ஒரிக்ஸ் பிளாண்ட்ல கேஸ முதல்ல சின்கேஸாக்கி அதுல இருந்து டீசல், நாஃப்தா (பெட்ரோல் மாதிரி ஒரு எண்ணெய்) எல்லாம் எடுக்கறாங்க, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 34,000 பேரல். நம்ம வயலுக்கு போற உரமே இந்த ரியாக்ஷன நம்பித்தான் இருக்குனு புரிஞ்சப்புறம் எனக்கு இது வெறும் பாடமா தெரியல.

ரியாக்ஷன் என்ன நடக்குது?

இயற்கை எரிவாயுல பெரும்பங்கு மீத்தேன்தான். ஒரு மீத்தேனும் ஒரு நீராவி மூலக்கூறும் சேந்து ஒரு கார்பன் மோனாக்சைடும் மூணு ஹைட்ரஜனும் ஆகுது, இதுதான் ஸ்டீம் ரிஃபார்மிங். ஒரு மோலுக்கு 206 கிலோஜூல் சூடு உள்ள இழுக்கும், அதனாலதான் ட்யூப வெளிய இருந்து பர்னர் வச்சு சுடணும். கூடவே ஷிஃப்ட் ரியாக்ஷனும் நடக்கும், அதாவது கார்பன் மோனாக்சைடு இன்னொரு நீராவியோட சேந்து கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் ஆகும், அது 41 கிலோஜூல் வெளிய விடும்.

நீராவிக்கு பதிலா கார்பன் டை ஆக்சைடு குடுத்தா அது ட்ரை ரிஃபார்மிங், 247 கிலோஜூல் இழுக்கும். கொஞ்சமா ஆக்சிஜன் குடுத்து அரைகுறையா எரிச்சா பார்ஷியல் ஆக்சிடேஷன், அது தானாவே கொஞ்சம் சூடு குடுக்கும். ஹைட்ரஜனுக்கும் மோனாக்சைடுக்கும் உள்ள விகிதம் ஸ்டீம்ல மூணு, ஆக்சிஜன்ல ரெண்டு, ட்ரைல ஒண்ணு. அமோனியாக்காரங்களுக்கு ஹைட்ரஜன் எவ்வளவு வந்தாலும் சந்தோஷம், ஆனா மெத்தனாலுக்கும் கேஸ டீசலாக்கறதுக்கும் ரெண்டு கிட்ட இருந்தாத்தான் தோது, அதனால எந்த வழிங்கறது கடைசில என்ன பண்ண போறோம்ங்கறத பொறுத்தது.

கேட்டலிஸ்ட் இல்லாம பண்ண முடியாதா?

முடியும். கத்தார்லயே ஷெல்லோட பேர்ல் பிளாண்ட்ல கேட்டலிஸ்ட் இல்லாமலே ஆக்சிஜன் வச்சு பார்ஷியல் ஆக்சிடேஷன் பண்றாங்க, ஆனா அதுக்கு 1200 டிகிரிக்கு மேல போகணும், ஆக்சிஜன் பிரிக்கறதுக்குனு தனியா பெரிய பிளாண்டும் வேணும். மீத்தேன் லேசுல ஒடையாத மூலக்கூறு, அதோட முதல் ஹைட்ரஜன பிச்சு எடுக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேணும். அதுவே சுத்தமான நிக்கல் பரப்பு மேல வந்து உக்காந்தா 500 டிகிரிலயே பிரிய ஆரம்பிச்சிடும். 800, 900 டிகிரி வரைக்கும் ஏத்தறது வேகத்துக்காக மட்டும் இல்ல, ஈக்விலிப்ரியம் (ரியாக்ஷன் முன்னும் பின்னும் சமமாகி நிக்கற நிலை) அங்கதான் நமக்கு சாதகமா இருக்கு.

அப்போ பிரஷர் ஏன் 20, 30 பார் (ஒரு பார்னா கிட்டத்தட்ட நம்மள சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம்) வைக்கறாங்க? ரெண்டு மூலக்கூறு நாலாகற ரியாக்ஷனுக்கு பிரஷர் எதிரிதானே?

எதிரிதான். ஆனா வந்த சின்கேஸ பின்னாடி கம்ப்ரஸ் பண்ற செலவ கணக்கு போட்டா, உள்ள போற கேஸ முன்னாடியே அழுத்தி அனுப்பறதுதான் லாபம். அதுக்கு விலையா டெம்பரேச்சர ஏத்தணும், ட்யூப் மெட்டல் அத தாங்கணும். ரிஃபார்மரோட சரித்திரமே பாதி கேட்டலிஸ்ட் கதை, பாதி ட்யூப் மெட்டல் கதை.

எத்தனையோ மெட்டல் இருக்கு, ஏன் நிக்கல்?

வேகத்துல ரோடியமும் ருத்தேனியமும் நிக்கல விட மேல, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ரோடியம் 2021ல ஒரு அவுன்ஸ் 25,000 டாலருக்கு மேல போச்சு, டன் கணக்குல கேட்டலிஸ்ட் கொட்டற ரிஃபார்மர்ல அத நெனச்சே பாக்க முடியாது. இரும்பும் கோபால்ட்டும் அந்த ஸ்டீம்ல சுலபமா ஆக்சைடா மாறிடும். காப்பர் மீத்தேன கண்டுக்கவே கண்டுக்காது, அது பின்னாடி லோ டெம்பரேச்சர் ஷிஃப்ட்லதான் வேலை பாக்குது. கடைசில விலை, வேகம், ஸ்டீம்ல மெட்டலாவே நிக்கற குணம் மூணையும் சேத்து பாத்தா நிக்கல்தான் மிஞ்சுது.

இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. பிரான்ஸ்ல சபாட்டியேங்கற கெமிஸ்ட் 1902லயே நிக்கல் மேல கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக்கி காட்டினார், அதாவது இதே ரியாக்ஷன தலைகீழா. 1912ல அவருக்கு நோபல் பரிசும் வந்துச்சு, நிக்கல் மாதிரி மெட்டல் பொடிங்கள வச்சு ஹைட்ரஜன் ஏத்துற முறைக்காக. அப்புறம் ஜெர்மனில பிஏஎஸ்எஃப் கெமிக்கல் கம்பெனி ஆளுங்க நிக்கல ஒரு தாங்கி (நிக்கல் ஒட்டிக்கற அடிப்பொருள்) மேல ஏத்தி மீத்தேன் பக்கம் திருப்பினாங்க, 1930கள் தொடக்கத்துல அமெரிக்கால பேட்டன் ரூஜ்ல ஸ்டாண்டர்ட் ஆயில் இண்டஸ்ட்ரியல் அளவுல ஓட்டினாங்க, 1936ல இங்கிலாந்துல பில்லிங்ஹாம்ல ஐசிஐ கம்பெனி. கிட்டத்தட்ட நூறு வருஷமா அதே நிக்கல்தான்.

கேட்டலிஸ்ட் பாக்க எப்படி இருக்கும்? முழுக்க நிக்கலா?

இல்ல. 10ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் நிக்கல் ஆக்சைடு (ஓட்டறப்போ இது மெட்டல் நிக்கலா மாறிடும்), மீதி ஆல்ஃபா அலுமினா இல்லனா கால்சியம் அலுமினேட், மெக்னீசியம் அலுமினேட் மாதிரி செராமிக். கட்டைவிரல் நுனி அளவு குட்டி உருளை, நடுவுல நாலு ஓட்டையோ ஏழு ஓட்டையோ இருக்கும்.

அந்த ஓட்டை அழகுக்கு இல்ல. ரியாக்ஷன் அவ்வளவு வேகமா நடக்கறதால கேஸ் அந்த உருளைக்குள்ள ஆழமா போறதுக்குள்ளயே முடிஞ்சு போயிடும், மேல் தோல்ல இருக்கற கொஞ்சம் நிக்கல்தான் நெஜமா வேலை பாக்குது, உள்ள இருக்கறது சும்மா கெடக்குது. அதனால வெளிப்பரப்ப எப்படியாவது கூட்டணும், அதே சமயம் கேஸ் போறதுக்கு வழியும் இருக்கணும், ட்யூப் சுவர்ல இருந்து சூடையும் நல்லா வாங்கணும், மேல இருக்கற பத்து பன்னெண்டு மீட்டர் கேட்டலிஸ்ட்டோட எடைல நொறுங்கவும் கூடாது. ஓட்டை, பள்ளம், வட்ட முனைனு ஒவ்வொரு கம்பெனியும் வேற வேற டிசைன் போடறது இதுக்குத்தான். என்னை கேட்டா புது ஃபார்முலாங்களவிட இந்த ஷேப்ல வந்த முன்னேற்றம்தான் பிளாண்ட்டுக்கு அதிகமா சாதிச்சு குடுத்துருக்கு.

கார்பன் பிடிக்குது, கார்பன் பிடிக்குதுனு எல்லாரும் ஏன் பயப்படறாங்க?

இதுதான் மொத்த விஷயத்துலயும் முக்கியமான கேள்வி, மீதி எல்லாத்தையும் மறந்தாலும் இத மறக்காதீங்க. மீத்தேன ஒடைக்கறது நிக்கலுக்கு பெரிய வேலை இல்ல, ஒடைச்சப்புறம் கையில நிக்கற கார்பன சேர விடாம அனுப்பறதுதான் வேலை. நிக்கல் மேல ஹைட்ரஜன் எல்லாம் கழண்டு தனியா நிக்கற கார்பன் அணுவுக்கு ரெண்டு வழி இருக்கு. பக்கத்துல ஸ்டீம்ல இருந்து வந்த ஆக்சிஜன் இருந்தா மோனாக்சைடா கெளம்பிடும். இல்லனா இன்னொரு கார்பனோட சேந்துக்கும், அங்க இருந்துதான் தொல்லை ஆரம்பிக்குது.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒரு நிக்கல் துணுக்கோட ஒரு பக்கத்துல கார்பன் கரைஞ்சு உள்ள போய், மறுபக்கத்துல நூலா வெளிய வளரும், அந்த நூல் நுனில நிக்கல் துணுக்கு தீக்குச்சி தலை மருந்து மாதிரி ஒக்காந்துருக்கும். இத விஸ்கர் கார்பன்னு சொல்லுவாங்க. இதுல மோசம் என்னன்னா நிக்கல் சாகல, நுனில உயிரோடதான் இருக்கு, அதனால ஆக்டிவிட்டி (கேட்டலிஸ்ட் வேலை பாக்கற வேகம்) டெஸ்ட்ல எல்லாம் நல்லாத்தான் தெரியும், ஆனா அந்த நூலுங்க வளந்து வளந்து செராமிக்க உள்ள இருந்து ஒடைக்கும். துகள் பொடியாகும், பொடி ட்யூப அடைக்கும், அடைச்ச ட்யூப்ல கேஸ் கம்மியா போகும், கேஸ் கம்மியானா ட்யூப் சூடாகும், சூடானா இன்னும் கார்பன். இந்த சுழல் ஒருதடவ கெளம்பிட்டா திரும்பறது கஷ்டம்.

விஸ்கர் தவிர ரெண்டு இருக்கு. நாஃப்தா மாதிரி கனமான ஃபீட்ல (உள்ள விடற மூலப்பொருள்ல) டெம்பரேச்சர் கம்மியா இருந்தா பிசின் மாதிரி ஒரு படலம் நிக்கல மூடிக்கும். ரொம்ப சூடான இடத்துல கேஸே தானா ஒடைஞ்சு கரியா படியறதும் உண்டு.

அப்போ ஸ்டீம நெறைய விட்டா போதுமே?

கார்பனுக்கு அதுதான் முதல் மருந்து. ஒரு கார்பன் அணுவுக்கு ஒரு ஸ்டீம் போதும்னு சமன்பாடு சொல்லும், ஆனா பிளாண்ட்ல 2.5ல இருந்து 3.5 வரைக்கும் ஓட்டுவாங்க. அதுக்கு மேல விட்டா அந்த ஸ்டீம காச்சற எரிபொருள் வீண், பின்னாடி குளிர வைக்கற செலவும் கூடும். இந்த விகிதத்த 3ல இருந்து 2.7க்கு எறக்க முடிஞ்சாலே எனர்ஜி பில்லுல தெரியும், அதனால மேனேஜ்மெண்ட்டுக்கு எப்பவும் எறக்கணும்னு ஆசை, கேட்டலிஸ்ட்ட பாத்துக்கறவனுக்கு எப்பவும் பயம். ஆனா ஒண்ணு, சராசரி விகிதம் சரியா இருந்தாலும் ஸ்டீம் ஃப்ளோ ஒரு நிமிஷம் விழுந்தா போதும், கேஸ் உள்ள நுழையற மேல் பக்க கேட்டலிஸ்ட்ல கார்பன் படிஞ்சிடும். ஸ்டீம் ஃப்ளோ குறைஞ்சா ஃபீட் கேஸ தானா கட் பண்ற ட்ரிப் இருக்கறது அதுக்காகத்தான், அத யாரும் பைபாஸ் பண்ணவே கூடாது.

பொட்டாஷ் சேத்த கேட்டலிஸ்ட்னு சொல்றாங்களே, அது என்ன செய்யுது?

பொட்டாஷ்னா பொட்டாசியம் சேர்மம்தான். பொட்டாசியம் ஸ்டீம பரப்பு மேல புடிச்சு வச்சு கார்பன் வாயுவாகறத வேகப்படுத்தும், கார்பன் மொளைக்கற எடத்தையும் அடைக்கும். நிக்கல் பரப்புல படிக்கட்டு மாதிரி சின்ன விளிம்புங்க இருக்கு, கார்பன் முதல்ல அங்கதான் ஒட்டிக்கும்னு டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் காட்டிருக்காங்க, பொட்டாசியம் போய் உக்கார்றதும் அங்கதான். இதுக்கு விலை என்னன்னா ஆக்டிவிட்டி கொஞ்சம் கொறையும். அப்புறம் பொட்டாஷ் நாள் போக போக ஆவியா கெளம்பி பின்னாடி பாய்லர்ல போய் படியும். அதனால ட்யூப் முழுக்க போட மாட்டாங்க, கார்பன் ஆபத்து இருக்கற மேல் பகுதில பொட்டாஷ் உள்ளது, கீழ சாதா நிக்கல்னு ரெண்டு லேயரா போடறதுதான் வழக்கம்.

சல்ஃபர் எவ்வளவு வரைக்கும் தாங்கும்?

தாங்காதுனே வச்சுக்கோங்க. கேஸ்ல 0.1 பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல 0.1 பங்கு) கீழ இருக்கணும்னு பாப்பாங்க. சல்ஃபர் அணு நிக்கல் பரப்புல அவ்வளவு கெட்டியா ஒட்டிக்கும், அதுவும் சூடு கம்மியா இருக்கற மேல் பகுதிலதான் ரொம்ப ஒட்டும். அதனால ரிஃபார்மருக்கு முன்னாடியே கோபால்ட் மாலிப்டினம் கேட்டலிஸ்ட்ல ஆர்கானிக் சல்ஃபர எல்லாம் ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்தி, 350, 400 டிகிரில ஜிங்க் ஆக்சைடு படுகைல புடிச்சிடுவாங்க. ரிஃபார்மர் கேட்டலிஸ்ட் சீக்கிரம் போகுதுனு வந்த கம்ப்ளைண்ட்ல பல தடவ காரணம் இந்த ஜிங்க் ஆக்சைடுதான், அது நெறஞ்சு போனத யாரும் பாத்துருக்க மாட்டாங்க.

சல்ஃபர் விஷத்துல இருந்து நிக்கல் மீளலாம், ஃபீட்ட நிறுத்திட்டு ஸ்டீம் மட்டும் விட்டு ஓரளவு கழுவலாம். ஆர்செனிக் அப்படி இல்ல. பழைய காலத்துல கார்பன் டை ஆக்சைடு எடுக்கற கரைசல்ல ஆர்செனிக் இருந்துச்சு, அங்க இருந்து கசிஞ்சு வந்தா நிக்கலோட கலந்து நிரந்தரமா கெடுத்துடும், ட்யூப் சுவர்லயும் ஏறிக்கும், புது கேட்டலிஸ்ட் போட்டாலும் சுவர்ல இருந்து எறங்கி அதையும் கெடுக்கும், ட்யூப உள்பக்கம் சுத்தம் பண்ணாம தீராது.

சல்ஃபர வேணும்னே சேத்து ஓட்டற பிராசஸ் இருக்குனு படிச்சேன், நெஜமா?

நெஜம்தான், ஸ்பார்க்னு பேரு, டென்மார்க் டோப்சோ கம்பெனியோடது. 1980கள் கடைசில டெக்சாஸ்ல ஓட்டினாங்க. யோசனை ரொம்ப அழகு: கார்பன் நூல் மொளைக்க பக்கத்து பக்கத்துல நெறைய காலி நிக்கல் அணு வேணும், ரிஃபார்மிங்குக்கு அதவிட கம்மி போதும். அளவா சல்ஃபர் விட்டு பரப்புல பெரும்பகுதிய மூடிட்டா கார்பனுக்கு எடம் கெடைக்காது, ரிஃபார்மிங் மெதுவா நடந்துட்டே இருக்கும். விஷத்த அளந்து குடுத்தா மருந்துங்கறது இங்க அப்படியே பொருந்துது. 1998ல டென்மார்க்லயே நிக்கல் மேல கொஞ்சம் தங்கம் சேத்தும் இதே மாதிரி காட்டினாங்க, அணு அளவுல பாத்து பாத்து ஒரு கேட்டலிஸ்ட்ட டிசைன் பண்ண முடியும்னு நம்பிக்கை குடுத்த வேலை அது.

ஃபர்னஸ்ல பாத்தே கேட்டலிஸ்ட் நெலமைய சொல்ல முடியுமா?

நல்லாவே சொல்லலாம், பழகின ஆபரேட்டர் எந்த கம்ப்யூட்டர விடவும் முன்னாடி சொல்லுவாரு. பீப் ஹோல் (ஃபர்னஸ் சுவர்ல இருக்கற எட்டிப்பாக்கற ஓட்டை) வழியா பாத்தா எல்லா ட்யூபும் ஒரே நெறத்துல மங்கின செவப்பா இருக்கணும். மேல இருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல ஒரு ட்யூப்ல பளீர்னு ஆரஞ்சு பட்டை தெரிஞ்சா அங்க கார்பன் படிஞ்சிருக்கு இல்லனா சல்ஃபர் அடிச்சிருக்கு, ரியாக்ஷன் நடக்கலங்கறதால சூட இழுக்க ஆள் இல்ல, அதுதான் பட்டையா தெரியுது. பட்டை ஒழுங்கில்லாம அங்கங்க திட்டு திட்டா இருந்தா லோடிங் பண்ணும்போது, அதாவது ட்யூப்ல கேட்டலிஸ்ட் நெரப்பும்போது, நடுவுல காலி எடம் விட்டுருக்காங்கனு அர்த்தம், இத ஆபரேட்டருங்க ஒட்டகச்சிவிங்கி கழுத்துனு சொல்லுவாங்க. ட்யூப் மேலயிருந்து கீழ வரைக்கும் முழுசா சூடா இருந்தா அந்த ட்யூப்ல ஓட்டமே இல்ல.

இதுல அவசரம் ஏன்னா ட்யூப் மெட்டல் டிசைன் டெம்பரேச்சர விட 20 டிகிரி கூடுதலா ஓடினா ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. ட்யூப் மாத்தறதுதான் பெரிய செலவு, கேட்டலிஸ்ட் அதுக்கு முன்னாடி சின்ன காசு. அதனாலதான் லோடிங் நாள்ல பொறுமை வேணும்னு சொல்றேன்: ஒவ்வொரு ட்யூப்லயும் ஒரே எடை, ஒரே உயரம், ஒடையாம மெதுவா எறக்கணும், கடைசில காத்து விட்டு ஒவ்வொரு ட்யூபோட பிரஷர் ட்ராப்பும் (மேலயிருந்து கீழ வர்றதுக்குள்ள கொறையற அழுத்தம்) அளக்கணும், சராசரில இருந்து 5 சதவீதத்துக்கு மேல தள்ளி இருந்தா எடுத்துட்டு திரும்ப போடணும். நைட் ஷிஃப்ட்ல பரவால்லனு விட்ட ஒரு ட்யூப் அடுத்த நாலு வருஷத்துக்கு கண்ணுல குத்திட்டே இருக்கும்.

கேட்டலிஸ்ட் மாத்தற நேரம் வந்துச்சுனு எப்படி தெரியும்?

வெளிய வர்ற கேஸ்ல மீத்தேன் எவ்வளவு மிச்சம்னு மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க, ஏன்னா டெம்பரேச்சர ஏத்தினா அது கொறைஞ்சிடும். சரியான அளவு அப்ரோச்: வந்த கேஸோட கலவை எந்த டெம்பரேச்சரோட ஈக்விலிப்ரியம்னு கணக்கு போட்டு, நெஜ டெம்பரேச்சர்ல இருந்து கழிக்கணும். புதுசுல சில டிகிரிதான் வரும், மாசாமாசம் அது கூடிட்டே போகும். அதோட ட்யூப் சுவர் டெம்பரேச்சரும் பிரஷர் ட்ராப்பும் ஏறினா மாத்தற நேரம் நெருங்குது. நல்லா பாத்துக்கிட்டா நாலஞ்சு வருஷம் வரும்.

கார்பனோ சல்ஃபரோ இல்லாமலே வயசாகறதும் உண்டு. நிக்கல் 1455 டிகிரில உருகும், ஆனா 590 டிகிரி தாண்டினாலே துணுக்குங்க நகர ஆரம்பிச்சு ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகும், பரப்பு கொறையும். 800 டிகிரில இத தடுக்க முடியாது, தாங்கி நல்லதா இருந்தா மெதுவாக்கலாம்.

ட்ரை ரிஃபார்மிங்தான் எதிர்காலம்னு சொல்றாங்களே?

ரெண்டு கிரீன்ஹவுஸ் கேஸையும் ஒரே அடில தீக்கலாம்னு கேக்க நல்லா இருக்கும், வருஷத்துக்கு எத்தனையோ பேப்பர் வருது. 1928லயே ஃபிஷரும் ட்ராப்ஷும் பண்ணி பாத்த ரியாக்ஷன் இது. பிரச்சனை அதே கார்பன்தான், ஸ்டீம் இல்லாததால ஹைட்ரஜன் கம்மி, கார்பன் அதிகம், நிக்கல் சீக்கிரம் அடைச்சுக்கும். பல பேப்பர்ல கேஸோட நைட்ரஜனையோ ஆர்கானையோ கலந்து அடர்த்திய கொறைச்சு, ஒரு பார் பிரஷர்ல, சில மணி நேரம் ஓட்டிட்டு ஸ்டேபிள்னு எழுதறாங்க. பிளாண்ட்டுக்கு 20 பார்ல, அப்படி கலக்காத கேஸ்ல, வருஷக்கணக்கா வேணும். ரிசர்ச் பண்ற பசங்ககிட்ட நான் கேட்டுக்கறது இதுதான்: கன்வர்ஷன் (உள்ள விட்டதுல மாறின அளவு) 95 சதவீதம்னு போடறதுக்கு முன்னாடி கேட்டலிஸ்ட்ல எவ்வளவு கார்பன் ஏறுச்சுனு எடை போட்டு எழுதுங்க. கார்பன் டை ஆக்சைடோட கொஞ்சம் ஸ்டீமும் சேத்து விடற கலப்பு வழிக்கு நெஜமாவே எடம் இருக்கு, பயோகேஸ்ல மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்தே வர்றதால அங்கயும் பொருந்தும்.

ரோடியத்துக்கு எடமே இல்லையா?

சின்ன கருவில இருக்கு. 1993ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஹிக்மனும் ஷ்மிட்டும் ரோடியம் பூசின செராமிக் துண்டு வழியா மீத்தேனையும் ஆக்சிஜனையும் விட்டு, சில மில்லிசெகண்ட்லயே சின்கேஸ் எடுத்தாங்க. எடம் கம்மி, அடிக்கடி ஆன் ஆஃப் பண்ணணும்ங்கற எடத்துல விலை குடுத்து ரோடியம், ருத்தேனியம் போடறது நியாயம்.

தமிழ்நாட்டுல இதுக்கு எங்க வேலை இருக்கு?

மணலில மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ரொம்ப காலம் நாஃப்தாவ ரிஃபார்ம் பண்ணித்தான் அமோனியா எடுத்துச்சு, எண்ணூர் எல்என்ஜி (திரவமாக்கின இயற்கை எரிவாயு) டெர்மினல் வந்த 2019லதான் இயற்கை எரிவாயுவுக்கு மாறினாங்க. தூத்துக்குடி ஸ்பிக் உரக் கம்பெனியும் அப்புறம் அதே மாதிரி நாஃப்தாவ விட்டு கேஸுக்கு வந்துச்சு. கேட்டலிஸ்ட் பக்கத்துல இருந்து பாத்தா இது பெரிய மாற்றம், நாஃப்தால கார்பன் அதிகம், பிசினும் பிடிக்கும், பொட்டாஷ் கெட்டியா வேணும், சல்ஃபரும் கூட. கேஸ் அதவிட ரொம்ப சாது.

இதுல வர்ற கார்பன் டை ஆக்சைடுக்கு என்ன வழி?

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது, மறைக்க வேண்டியது இல்ல. அதுல ஒரு பங்கு ரியாக்ஷன்ல இருந்து, இன்னொரு பங்கு பர்னர் புகைல இருந்து. யூரியா பிளாண்ட்ல ரியாக்ஷன்ல வர்றத புடிச்சு யூரியாவுக்கே போடறாங்க, ஆனா வயல்ல யூரியா கரைஞ்சதும் அது திரும்ப காத்துக்கே போயிடுது. பர்னர் பங்க ஒழிக்க டோப்சோவும் டென்மார்க் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியும் சேந்து 2019ல ஒண்ணு காட்டினாங்க: ட்யூப்லயே கரண்ட் விட்டு சூடாக்கி, உள்சுவர்ல மெல்லிசா நிக்கல் கேட்டலிஸ்ட் பூசறது. சூடு பொறக்கற எடத்துக்கு ஒட்டியே நிக்கல் இருக்கறதால உள்ள கெடக்கற வீண் நிக்கல் பிரச்சனையும் கொறையுது. எனக்கு இதுல பெரிய நம்பிக்கை இருக்கு, ஆனா சுத்தமான கரண்ட் கெடைக்கற ஊர்லதான் அர்த்தம்.

பழைய கேட்டலிஸ்ட்ட எடுக்கும்போது எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

வேலை பாத்த நிக்கல் மெட்டலா இருக்கும், காத்து பட்டா தானா சூடேறும், சில நேரம் தீயே பிடிக்கும். அதனால எறக்கறதுக்கு முன்னாடி ஸ்டீம் விட்டு மெதுவா ஆக்சைடாக்கணும். இன்னொண்ணு அதவிட கொடுமை: 200 டிகிரிக்கு கீழ நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேந்தா நிக்கல் கார்போனைல்னு ஒரு வாயு உருவாகும், கொஞ்சம் மூச்சுல போனாலே உயிருக்கு ஆபத்து. ஷட்டவுன் பண்ணும்போது அந்த டெம்பரேச்சருக்கு எறங்கறதுக்கு முன்னாடியே மோனாக்சைடு துளிகூட இல்லாம நைட்ரஜன்ல கழுவிடணும். தூசியும் புற்றுநோய் தரக்கூடியது, எறக்கற ஆளுங்க பெரும்பாலும் கான்ட்ராக்ட் தொழிலாளிங்க, அவங்களுக்கு துணி மாஸ்க் குடுத்து அனுப்பறத நான் பாத்துருக்கேன், அது போதவே போதாது, முழு முகத்துக்கும் ரெஸ்பிரேட்டர் குடுக்கணும். எறக்கின சரக்க மூடின ட்ரம்ல போட்டு நிக்கல் மீட்டெடுக்கற லைசென்ஸ் உள்ள ஆளுக்குத்தான் அனுப்பணும், திறந்த வெளில குவிச்சு வைக்காதீங்க.